மேடையில் ஒன்று, ஏட்டில் ஒன்று

1858 மார்ச் 4 அன்று அமெரிக்க செனட் சபையில் தென் கரோலினா உறுப்பினர் ஜேம்ஸ் ஹென்றி ஹேமண்ட் பேச எழுந்தார். விவாதப் பொருள் கன்சாஸ். அங்கே குடியேறியவர்களில் அடிமைமுறையை விரும்பிய தரப்பு லெகாம்ப்டன் என்ற ஊரில் கூடி ஓர் அரசியல் சட்டம் எழுதியிருந்தது. அதை ஏற்றுக் கன்சாஸை மாநிலமாகச் சேர்த்துக்கொள்வதா என்பதில் வடக்கும் தெற்கும் மல்லுக்கு நின்றன. முந்தின நாள் நியூயார்க்கின் வில்லியம் சீவார்டு வடக்குக்காக முழங்கியிருந்தார். ஹேமண்ட் அவருக்குப் பதில் சொல்ல வந்தார்.

அன்று அவர் கன்சாஸைப் பற்றிச் சொன்னதை இப்போது யாரும் தேடிப் படிப்பதில்லை. அதன் பின் சொன்ன இரண்டு கருத்துகள் நிலைத்துவிட்டன. முதலாவது, பருத்தியே அரசன் என்பது. தெற்கு எட்டரை லட்சம் சதுர மைல் பரப்புள்ள நிலம். பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா, பிரஷ்யா, ஸ்பெயின் அனைத்தையும் சேர்த்த அளவுக்குப் பெரியது. மூன்று ஆண்டுகளுக்குத் தெற்கு பருத்தி அனுப்பாவிட்டால் இங்கிலாந்து தலைகுப்புறக் கவிழும்; தெற்கைத் தவிர நாகரிக உலகம் முழுவதையும் தன்னோடு இழுத்துச் செல்லும். ஆகவே பருத்தியோடு போர் தொடுக்க உலகில் எந்த வல்லரசும் துணியாது. இரண்டாவது, எல்லாச் சமூகத்துக்கும் கீழ்வேலை செய்ய ஒரு வகுப்பு வேண்டும் என்பது. கட்டடத்தின் பாரத்தை மண்ணில் கிடந்து தாங்கும் அடிக்கட்டைக்கு அங்கே ‘மட்சில்’ என்று பெயர். அந்த வகுப்பு சமூகத்தின் மட்சில். அதன்மேல்தான் கல்வி, நாகரிகம், அரசியல் எல்லாம் எழும்ப முடியும். தெற்கு அதற்கு வேறொரு இனத்தை வைத்திருக்கிறது. வடக்கு தன் சொந்த ரத்தத்தையே வைத்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான் என்றார்.

உள்நாட்டுப் போருக்கு முந்தைய அடிமைமுறை ஆதரவாளர்களில் ஹேமண்டைத் தனியே எடுத்துப் படிக்க ஒரு காரணம் இருக்கிறது. ஜான் கால்ஹூன் அவரைவிடக் கூர்மையான தர்க்கவாதி. ஜெபர்சன் டேவிஸ் அவரைவிடப் பெரிய பதவிக்குப் போனவர். ஆனால் ஹேமண்டைப்போல எழுதிவைத்தவர்கள் குறைவு. நாட்குறிப்பு, பண்ணைக் கணக்கேடு, பிறப்பு இறப்புப் பதிவு, கங்காணிகளுக்கான விதிப்புத்தகம், மகனுக்கும் தம்பிக்கும் எழுதிய கடிதங்கள் என்று கட்டுக்கட்டாக விட்டுச்சென்றார். மேடையில் அவர் சொன்னவற்றுக்கான மறுப்பை வடக்கத்தியர் நூல்களில் தேட வேண்டியதில்லை. அவருடைய கையெழுத்திலேயே இருக்கிறது.

ஹேமண்ட் பிறவிப் பண்ணையார் அல்லர். தந்தை எலிஷா ஹேமண்ட் மாசசூசெட்ஸிலிருந்து பிழைப்புத் தேடித் தெற்கே வந்த பள்ளி ஆசிரியர். 1807இல் பிறந்த மகன் தென் கரோலினா கல்லூரியில் படித்து 1825இல் வெளியே வந்தார். கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை, பிறகு வழக்கறிஞர் தொழில், பிறகு ‘சதர்ன் டைம்ஸ்’ என்ற பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலி. கூட்டாட்சி அரசு விதித்த சுங்க வரியைத் தென் கரோலினா செல்லாது என்று அறிவிக்கத் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. இளைஞர் ஹேமண்டின் பேனா அந்தக் கட்சிக்கு உதவியது. 1831இல் கேத்தரின் பிட்ஸ்சைமன்ஸ் என்ற பதினேழு வயதுப் பெண்ணை மணந்தார். சொத்துக்காகத்தான் வருகிறான் என்று பெண் வீட்டார் சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இல்லை. சவானா ஆற்றங்கரையில் சில்வர் பிளஃப் என்ற பல ஆயிரம் ஏக்கர் பண்ணையும் 147 அடிமைகளும் சீதனமாக வந்தன. 24 வயதில், ஓர் ஆசிரியர் மகன் தென் கரோலினாவின் மேல்தட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

சில்வர் பிளஃபில் அவர் முதலில் கைவைத்தது கோயிலில். அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் கிறித்தவச் சபைகளில் ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அங்கே உருவாகியிருந்தது. கறுப்பினப் போதகர்கள் நடத்தும் வழிபாட்டை ஒழிப்பேன் என்று 1831 டிசம்பரில், வந்த மாதத்திலேயே, ஹேமண்ட் எழுதிவைக்கிறார். வெள்ளைப் போதகர்களைக் கூலிக்கு அமர்த்தி ஞாயிறு மாலைகளில் பிரசங்கம் செய்ய வைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1851இல், வெள்ளைப் போதகர் இல்லாத கூட்டங்களை எல்லாம் கலைக்கும்படி மறுபடி உத்தரவிட்டதாக அதே கையெழுத்தில் ஒரு குறிப்பு. ஒழிந்துபோயிருந்தால் எதற்கு இரண்டாம் உத்தரவு? இருபது ஆண்டுகளும் அவர் கண்ணுக்குத் தெரியாமலோ, தெரிந்தும் தடுக்க முடியாமலோ வழிபாடு நடந்திருக்கிறது.

வேலை முறையிலும் அதே கதை. அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு நாள் பங்கு அளந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. பங்கை முடித்துவிட்டால் மீதிப் பொழுது அடிமைக்குச் சொந்தம். தன் தோட்டத்தைப் பார்க்கலாம், மீன் பிடிக்கலாம். ஹேமண்டுக்கு இது பிடிக்கவில்லை. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, விடிந்தது முதல் இருட்டும் வரை கங்காணியின் கண்பார்வையில் வேலை வாங்கும் முறைக்கு மாற்றினார். வேலை மந்தமானது, கருவிகள் உடைந்தன, சவுக்கு ஓயவில்லை. கடைசியில் பழைய பங்கு முறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 1831 முதல் 1855 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட தப்பியோட்ட முயற்சிகள் அவர் ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஓடியவர்கள் யாரும் நிரந்தரமாகத் தப்பவில்லை. பலர் பக்கத்துச் சதுப்புக் காட்டில் சில நாள் மறைந்திருந்து திரும்பினார்கள். முதல் பத்தாண்டில் அந்தப் பண்ணையில் பிறந்தவர்களைவிட இறந்தவர்கள் அதிகம்.

விதிப்புத்தகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். வேலைக்காரர் ஒருவருக்கு வாரத்துக்கு இவ்வளவு சோள மாவு, மூன்று பவுண்டு பன்றி இறைச்சி. பால் கொடுக்கும் தாய் ஒரு நாளில் எத்தனை தடவை வயலிலிருந்து பிள்ளையிடம் போகலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்குக் கணக்கு. ஒரு நாளில் ஒருவருக்கு 100 கசையடிக்கு மேல் கூடாது, அதுவும் மிக மோசமான குற்றத்துக்கு மட்டும் என்று ஒரு வரம்பு. தம் இரக்கத்துக்குச் சான்றாகவே இந்தப் புத்தகத்தை ஹேமண்ட் கருதினார். நூறு என்பது வரம்பாக எழுதப்படும் இடத்தில் தொண்ணூறு விதிப்படி நடந்த காரியமாகிவிடுகிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

1835இல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். அப்போது வடக்கிலிருந்து அடிமை ஒழிப்பு மனுக்கள் மூட்டை மூட்டையாக வாஷிங்டனுக்கு வந்துகொண்டிருந்தன. மனுக்களை மேசையில் வாங்கி ஓரமாக வைத்துவிடுவது அதுவரை இருந்த பழக்கம். வாங்கவே கூடாது என்று அந்த டிசம்பரில் தீர்மானம் கொண்டுவந்தார் முதல் முறை உறுப்பினரான ஹேமண்ட். அவர் கேட்ட அளவுக்குச் சபை போகவில்லை. ஆனாலும் 1836 மே மாதம், அடிமைமுறை பற்றிய மனு எதுவும் விவாதமின்றி முடக்கப்படும் என்ற வாய்ப்பூட்டு விதி வந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆண்டுதோறும் மோதி, 1844 டிசம்பரில்தான் அதை உடைத்தார்.

1836 பிப்ரவரியில் ஹேமண்ட் நிகழ்த்திய உரைக்கு வரலாற்றில் தனி இடம் உண்டு. தாமஸ் ஜெபர்சன் தலைமுறைத் தென்னாட்டார் அடிமைமுறையைத் தவிர்க்க முடியாத தீங்கு என்று சொல்லிச் சங்கடப்பட்டார்கள். ஹேமண்டுக்குச் சங்கடம் இல்லை. அது தீங்கே அல்ல, தெற்குக்குக் கிடைத்த பெரும் பேறு என்றார். அடிமை ஒழிப்புக்காரர் எவராவது தெற்கின் கையில் சிக்கினால் குற்றவாளிக்குரிய சாவுதான் என்றும் எச்சரித்தார். அடிமைமுறை நன்மையே என்ற கால்ஹூனின் பேர்பெற்ற செனட் உரை அடுத்த ஆண்டுதான் வந்தது. பாடநூல்கள் கால்ஹூனுக்குத் தரும் முதலிடத்தில் ஒரு பங்கு ஹேமண்டுக்குச் சேர வேண்டும், பெருமைக்குரிய பங்கு இல்லை என்றாலும். அந்த உரைக்குப் பின் உடல்நலம் கெட்டுப் பதவியை விட்டார், ஐரோப்பா சுற்றினார், 1842 முதல் 1844 வரை தென் கரோலினா ஆளுநராக இருந்தார்.

அவருடைய சிந்தனை முழுமையாகத் தெரிவது 1845 ஜனவரியிலும் மார்ச்சிலும் தாமஸ் கிளார்க்சனுக்கு எழுதிய இரண்டு நீண்ட கடிதங்களில். கிளார்க்சன் பிரிட்டனின் அடிமை வாணிகத்தையும் அடிமைமுறையையும் ஒழிக்க அரை நூற்றாண்டு உழைத்தவர். அப்போது எண்பதைத் தாண்டிய கிழவர். அமெரிக்கக் கிறித்தவர்களுக்கு அவர் விடுத்த சுற்றுமடலுக்கு ஹேமண்ட் பதில் எழுதினார். தெற்கின் செய்தித்தாள்கள் அதை அச்சிட்டன, துண்டுநூலாக வந்தது, 1852இல் சார்ல்ஸ்டனில் வெளியான அடிமைமுறை ஆதரவுக் கட்டுரைத் தொகுப்பிலும் சேர்ந்தது.

கடிதங்கள் கெட்டிக்காரத்தனமானவை. பொதுக் கோட்பாடாக அடிமைமுறையை ஆதரிக்கிறீரா என்றால் இல்லை என்பேன் என்று விட்டுக்கொடுப்பதுபோல ஆரம்பிக்கிறார். வறுமையையும் நோயையும் யார்தான் விரும்புவார்கள்? ஆனால் உலகம் அப்படி அமைந்திருக்கிறது. பிறகு விவிலியம்: ஆபிரகாமுக்கு அடிமைகள் உண்டு, மோசேயின் சட்டம் அனுமதிக்கிறது, இயேசு தடுக்கவில்லை. அடுத்துக் குடியாட்சி: சொத்தில்லாத ஏழைக்கு வாக்குரிமை தரும் நாடு நிலைக்காது, உழைக்கும் வகுப்பு அடிமையாக இருக்கும் இடத்தில்தான் குடியரசு உறுதியாக நிற்கும், அடிமைமுறையே அதன் மூலைக்கல். (பதினாறு ஆண்டுகள் கழித்து, பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் துணைத் தலைவரான அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் சவானாவில் அதே மூலைக்கல்லைத் தூக்கியபோது அது புதுக் கல் இல்லை.) பொருளாதாரத்தில் எதிராளியின் வாதத்தை அப்படியே ஏற்கிறார்: ஆமாம், கூலி உழைப்புதான் மலிவு. அடிமையைக் குழந்தையிலிருந்து வளர்க்க வேண்டும், நோயில் பார்க்க வேண்டும், கிழவனானால் சோறு போட வேண்டும். கூலிக்காரனை வேலை முடிந்ததும் தெருவில் விட்டுவிடலாம். அப்படியானால் யார் கொடியவர்?

இங்கே அவர் கையில் எடுக்கும் ஆயுதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சொந்த அறிக்கைகள். நிலக்கரிச் சுரங்கங்களில் இருட்டில் வண்டி இழுக்கும் பிள்ளைகள், ஆலைகளில் கூன் விழுந்த சிறுமிகள் பற்றி அந்த ஆண்டுகளில் வெளிவந்த விசாரணைகளை எடுத்துப் பக்கம் பக்கமாகக் கிளார்க்சன் முன் வைக்கிறார். அவை பொய்யல்ல. ஹேமண்டின் எழுத்தில் உண்மையான பகுதி இதுதான். பிற்காலத்தில் சில வரலாற்றாசிரியர்கள் முதலாளியத்தைப் பற்றிய விமர்சனம் என்று இத்தகைய எழுத்தைக் கவனமாகப் படித்ததற்கும் இதுதான் காரணம். ஆனால் இங்கிலாந்தின் ஆலைப் பகுதியான லங்காஷயரில் நடக்கும் கொடுமையைக் காட்டினால் சில்வர் பிளஃபில் நடப்பது எப்படி நியாயமாகும்? ஹேமண்ட் அந்தக் கேள்வியை நெருங்குவதே இல்லை. ஆலைச் சிறுமியின் நிலை மாற வேண்டும் என்றும் அவர் எங்கும் கேட்கவில்லை. ஒப்பிட்டுக் காட்ட மட்டுமே அவள் வேண்டியிருந்தாள்.

கிளார்க்சன் தரப்பு அடிமைமுறை மீது சாற்றிய குற்றங்களில் ஒன்று, எசமானர்கள் அடிமைப் பெண்களைத் தம் இச்சைக்கு உட்படுத்துகிறார்கள் என்பது. ஹேமண்ட் அதற்கும் பதில் எழுதினார். தெற்கில் அது அரிது. நடக்கிற கொஞ்சமும் நகரங்களில் நடக்கிறது. அதுவும் பெரும்பாலும் வடக்கத்தியரும் அயல்நாட்டவரும் செய்வது என்றார்.

அந்த வரிகளை எழுதியவர் 1839இல் 900 டாலர் கொடுத்து சாலி ஜான்சன் என்ற பதினெட்டு வயதுத் தையல்காரியையும் அவளுடைய ஒரு வயது மகள் லூயிசாவையும் வாங்கியிருந்தார். சாலியைத் தம் ஆசைக்கு ஆளாக்கிக்கொண்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தன. லூயிசாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அந்தச் சிறுமியையும் விட்டுவைக்கவில்லை. 1850இல் கேத்தரின் வீட்டை விட்டு வெளியேறினார். சில ஆண்டுகள் கழித்தே திரும்பினார். இதற்கிடையில் இன்னொன்று. ஆளுநராக இருந்தபோது, மனைவியின் தமக்கை பெற்ற நான்கு பெண்களிடம் ஹேமண்ட் அத்துமீறி வந்தார். அவர்களில் ஒருத்தி 1843இல் வெளியே சொல்ல, தந்தை இரண்டாம் வேட் ஹேம்ப்டன் அவரைத் தலைநகர் கொலம்பியாவிலிருந்து ஒதுக்கினார். 1846இல் செனட் பதவி கிடைக்காமல் தடுத்தார். பத்தாண்டுக்கு மேல் ஹேமண்ட் அரசியல் வனவாசத்தில் கிடந்தார். அந்தப் பெண்கள் நால்வருக்கும் கடைசிவரை மணமாகவில்லை. தண்டனையின் கனத்த பங்கு யார் தலையில் விழுந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இதையெல்லாம் ஹேமண்ட் நாட்குறிப்பில் தம்மை நொந்தும் நியாயப்படுத்தியும் எழுதிவைத்தார். கேரல் பிளீசர் பதிப்பித்து 1988இல் அது நூலாக வந்தது. அதற்கு முன்பே 1982இல் டிரூ கில்பின் ஃபாஸ்ட் எழுதிய வாழ்க்கை வரலாறு பண்ணை ஏடுகளைத் துருவி ஆராய்ந்திருந்தது.

லூயிசாவைப் பற்றி 1856இல் மூத்த மகன் ஹாரிக்கு ஹேமண்ட் ஒரு கடிதம் எழுதினார். தமக்குப் பின் லூயிசாவையும் அவள் பிள்ளைகளையும் அந்நியருக்கு விற்றுவிடக் கூடாது. விடுதலை செய்து வடக்கே அனுப்புவதும் அவர்களுக்குக் கொடுமை. தம் ரத்தத்தை வேறு ரத்தம் அடிமையாக வைத்திருப்பதில் தமக்கு விருப்பமில்லை. குடும்பத்துக்குள்ளேயே அடிமையாக இருப்பதுதான் இந்த உலகில் அவர்களுக்கு வாய்க்கக்கூடிய நல்ல நிலை என்கிறது கடிதம். வாக்காளர்களுக்காகவோ கிளார்க்சனுக்காகவோ எழுதியதில்லை இது. ஆகவே ஹேமண்டை வெறும் வேடதாரி என்று தள்ளிவிட முடியாது. நம்பித்தான் இருக்கிறார். தாம் பெற்ற பிள்ளைகளைத் தம் மகனுக்குச் சொத்தாக எழுதிவைப்பதை அன்பு என்று எண்ண முடிந்த மனம் எப்படி உருவாகிறது என்பதுதான் அவரைப் படிப்பதில் உள்ள சிரமம்.

இனி 1858க்கு வருவோம். ஹேமண்டைச் செனட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு சாவு. முன்னர் அந்த இடத்தில் இருந்தவர் ஆண்ட்ரூ பட்லர். அவரை இழித்துப் பேசினார் என்பதற்காக 1856இல் சார்ல்ஸ் சம்னர் செனட் மண்டபத்திலேயே கைத்தடியால் ரத்தம் சொட்ட அடிக்கப்பட்டார். பட்லர் 1857இல் இறக்க, பழைய அவதூறு ஓய்ந்திருந்த ஹேமண்ட் அந்த டிசம்பரில் பதவியேற்றார். அதே 1857இல் வடக்கில் வங்கிகள் முறிந்தன, ஆலைகள் மூடப்பட்டன, நியூயார்க் தெருக்களில் வேலையற்றவர்கள் ஊர்வலம் போனார்கள். தெற்கு அதிகம் அடிபடவில்லை. அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கும் மேல் பருத்தி. உங்கள் நிதிமேதைகளின் உண்டியலில் நாங்கள் மூன்றரைக் கோடி டாலர் தருமம் போட்டிருக்கிறோம் என்று ஹேமண்ட் எகத்தாளமாகச் சொன்னது இந்தப் பின்னணியில்தான். பருத்தி மீது அவருக்கிருந்த நம்பிக்கை வெறும் வாய்வீச்சாக அன்று தோன்றியிருக்காது.

மட்சில் வாதமும் அந்த வேலையின்மையில் ஊன்றி நின்றது. எங்கள் அடிமைகளுக்கு வாழ்நாள் முழுவதும் வேலை உண்டு. பட்டினி இல்லை, பிச்சை இல்லை. உங்கள் கூலிகளுக்கு அன்றன்றைய வேலை. நியூயார்க்கின் ஒரே தெருவில் ஒரு நாளில் பார்க்கும் பிச்சைக்காரர்களைத் தெற்கு முழுவதிலும் ஆயுள் முழுவதும் பார்க்க முடியாது. அதோடு உங்கள் அடிமைகள் வெள்ளையர், உங்களுக்குச் சமமானவர்கள், வாக்குரிமையும் உள்ளவர்கள். வாக்குப்பெட்டியின் வலிமை அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் உங்கள் கதி என்ன ஆகும்? இதைக் கேட்ட வடக்கின் முதலாளிகள் உள்ளூர நடுங்கி, தெற்கோடு சமரசத்துக்கு வருவார்கள் என்பது கணக்கு.

யாராவது ஒருவர் அடியில் கிடந்தே ஆக வேண்டும், அதற்கென்றே பிறந்தவர்கள் உண்டு என்ற பேச்சு நமக்குப் புதிதில்லை. சாதிச் சமூகத்தில் வளர்ந்த எவரும் இதன் உள்ளூர் வடிவத்தைக் கேட்டிருப்பார். புனேயில் ஜோதிராவ் புலே அந்த உறவை உடனே கண்டுகொண்டார். 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’யை, கறுப்பின அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அவர் சமர்ப்பித்திருக்கிறார்.

வடக்கின் முதலாளிகள் நடுங்கினார்களோ இல்லையோ, தொழிலாளர்கள் கொதித்தார்கள். மட்சில் என்று எழுதிய பதாகைகளைக் குடியரசுக் கட்சி ஊர்வலங்களில் தாங்களே தூக்கிவந்தார்கள். இரண்டு வாரம் கழித்து மாசசூசெட்ஸ் செனட்டர் ஹென்றி வில்சன் ஹேமண்டுக்குப் பதில் சொன்னார். பத்து வயதில் ஒரு விவசாயியிடம் ஒப்பந்தக் கூலியாக விடப்பட்டு, இருபத்தொன்று வரை உழைத்து, பிறகு நேட்டிக் ஊரில் செருப்புத் தைத்தவர் வில்சன். உடல் உழைப்பாளி அடிமைக்குச் சமம் என்று சொன்னவருக்கு எதிரே அதே சபையில் சம ஆசனத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். 1859 செப்டம்பர் 30 அன்று மில்வாக்கியில் நடந்த விவசாயக் கண்காட்சியில் ஆபிரகாம் லிங்கன் இந்தக் கோட்பாட்டைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டார். உழைப்பு முதலில் வந்தது, மூலதனம் அதிலிருந்து பிறந்தது. இன்று கூலிக்குப் போகிறவன் நாளை தன் நிலத்தை உழுவான். ஆயுள் முழுதும் ஒருவன் கூலியாகவே கிடக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை என்றார். லிங்கனின் பதில் முழுமையானதா என்பது வேறு கேள்வி. ஆலைத் தொழிலாளர் பெருந்திரளுக்குச் சொந்த நிலம் என்பது எட்டாக்கனியாகிக்கொண்டிருந்த காலம் அது. ஹேமண்ட் வடக்கைப் பற்றிச் சொன்னதில் ஒட்டியிருந்த உண்மையை லிங்கன் இலகுவாகக் கடந்துபோனார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஏணியே கூடாது என்றவருக்கும் ஏணி எல்லோருக்கும் எட்டும் என்று மிகைப்படுத்தியவருக்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

இவ்வளவு பேசிய ஹேமண்ட் பிரிவினையில் பின்வாங்கினார் என்பது வியப்புத் தரலாம். 1858 அக்டோபரில் பார்ன்வெல்லில் பேசும்போது, தெற்கு ஒன்றியத்துக்குள் இருந்தபடியே தன் நலனைக் காத்துக்கொள்ள முடியும் என்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரும் வாணிகத்தை மீண்டும் தொடங்குவதையும் எதிர்த்தார். தீவிரவாதிகள் முகம் சுளித்தார்கள். 1860 நவம்பரில் லிங்கன் வென்றதும் தென் கரோலினாவின் இன்னொரு செனட்டர் ஜேம்ஸ் செஸ்நட் பதவி விலகினார். ஹேமண்டும் விலகினார். மறுகணமே தம்பி மார்கஸுக்கு எழுதுகிறார்: இது ஒரு தொற்றுநோய், முட்டாள்தனம்; அவமானப்பட்டால் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்ளும் ஜப்பானியர்தான் நினைவுக்கு வருகிறார்கள். மூளை ஒன்று சொல்ல, கை வேறொன்றில் ஒப்பமிட்டது. கால் நூற்றாண்டாக அவரே மூட்டிய தீ அது. நடுவில் நின்று தணியச் சொன்னால் தணியுமா? டிசம்பர் 20 அன்று தென் கரோலினா ஒன்றியத்திலிருந்து பிரிந்தது.

பருத்தி அரசனின் வலிமையைச் சோதிக்கும் வேளை வந்தது. 1861இல் தெற்கின் பண்ணையார்களும் வணிகர்களும் பருத்தியை ஏற்றுமதி செய்யாமல் தாங்களாகவே நிறுத்தினார்கள். பிரிட்டன் மண்டியிட்டுக் கூட்டமைப்பை அங்கீகரிக்கும் என்று காத்திருந்தார்கள். கணக்கு அடித்தளத்திலேயே தவறு. 1859, 1860 ஆண்டுகளின் அமோக விளைச்சல் லிவர்பூல் கிடங்குகளில் குவிந்திருந்தது. அது தீர்ந்தபோது, 1862இல், லங்காஷயரில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்து உண்மையாகவே பட்டினி கிடந்தார்கள். ஆனாலும் இங்கிலாந்து கவிழவில்லை. வடக்கின் கோதுமையும் அதற்குத் தேவைப்பட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்த 1862இன் கடைசி நாளில் மான்செஸ்டர் உழைப்பாளர்கள் கூடி லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் நிறைவேற்றினார்கள். ஹேமண்ட் கிளார்க்சனிடம் பரிந்து எடுத்துக்காட்டிய அதே ஆலைத் தொழிலாளர்கள், வேலையிழந்த நிலையிலும், அடிமைமுறைக்கு எதிரான பக்கத்தில் நின்றார்கள். லிங்கன் அடுத்த மாதமே நன்றி எழுதினார்.

பருத்தியை இங்கிலாந்து எங்கிருந்து எடுத்தது என்ற கதையில் நம் கரிசல் மண்ணுக்கும் பங்குண்டு. 1860இல் பிரிட்டன் வாங்கிய பஞ்சில் இந்தியாவின் பங்கு 16 விழுக்காடு. 1862இல் 75 விழுக்காடு. அமெரிக்காவை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1840களிலேயே யோசித்து, அமெரிக்கத் தெற்கிலிருந்து பருத்திப் பண்ணை அனுபவசாலிகளை இந்தியாவுக்கு வரவழைத்தது. அவர்களில் சிலர் தாவரவியலர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் கோயம்புத்தூரில் அமெரிக்க ரகங்களை விதைத்துப் பார்த்தார்கள். சோதனை பெரிதாகப் பலிக்கவில்லை. போர் வந்தபோது லங்காஷயரைத் தாங்கியதில் நாட்டு ரகங்களின் குட்டை இழைப் பஞ்சுக்குத்தான் பெரும்பங்கு. இழை அறுந்து அறுந்து போகிறது என்று அங்கே நெசவாளர்கள் சபித்தார்கள். இருந்தாலும் தறி ஓடியது. விலை எகிறியதில் பம்பாய் வணிகர்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள். 1865இல் போர் முடிந்ததும் சந்தை சரிந்து பலர் திவாலானார்கள். மூன்று ஆண்டு பருத்தி வராவிட்டால் நாகரிகமே கவிழும் என்று சொன்ன ஹேமண்ட், உலகில் வேறு யாரும் பருத்தி விதைக்க மாட்டார்கள் என்று எண்ணியிருந்தார்.

போர்க்காலத்தில் ஹேமண்டுக்குப் பதவி எதுவும் இல்லை. பீச் ஐலண்டில் புதிதாகக் கட்டிய ரெட்கிளிஃப் மாளிகையில், முந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமையாளராக, நோயோடும் எரிச்சலோடும் காலம் தள்ளினார். கூட்டமைப்புப் படை தன் வீரர்களுக்காக அவருடைய மக்காச்சோளத்தை அரசு விலைக்குக் கையகப்படுத்த வந்தபோது, உத்தரவைக் கிழித்துச் சன்னலுக்கு வெளியே எறிந்தார். அதற்குப் பணிவது தம் நெற்றியில் அடிமை என்று சூடு போட்டுக்கொள்வதாகும் என்றார். தம் விளைச்சலை ஒருவர் கேளாமல் எடுத்துப்போவதற்குப் பெயர் அடிமைத்தனம் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அதே ஆண்டுகளில் தம்மைச் சுற்றியிருந்த முகங்களையும் ஹேமண்ட் கவனித்தார். அடிமைகள் தம்மை ஓரக்கண்ணால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், ஒதுங்கி நிற்கிறார்கள், அது தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதுகிறார். நடப்பது என்னவென்று அவர்களுக்கு முழுக்கப் புரிகிறது. முகத்தை மட்டும் மூடிக்கொண்டுவிட்டார்கள். வடக்கின் ஒரு பீரங்கிச் சத்தம் கேட்டால் போதும், அவர்கள் வெறிகொண்டு எழுவார்கள் என்ற அச்சமும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. 1858இல் செனட்டில், எங்கள் அடிமைகள் மனநிறைவோடு இருக்கிறார்கள், எங்களுக்குத் தொல்லையே இல்லை என்று முழங்கியதும் இதே மனிதர்தான். இரண்டில் எதை நம்புவது என்றால், யாருக்கும் காட்டுவதற்காக எழுதாததை நம்பலாம். ரெட்கிளிஃபிலும் சில்வர் பிளஃபிலும் இருந்தவர்கள் தங்கள் பக்கத்துக் கதையை எழுதிவைக்கவில்லை. எழுதப் படிக்கக் கற்பிப்பதே தென் கரோலினாவில் குற்றமாக இருந்தது, அந்தச் சட்டத்துக்கும் கிளார்க்சன் கடிதத்தில் ஹேமண்ட் வக்காலத்து வாங்கியிருக்கிறார். ஆனாலும் கலைக்கப்பட்ட கூட்டங்களிலும், திரும்பப் பெற்ற பங்கு முறையிலும், ஓடியவர்கள் பட்டியலிலும், மூடிய முகங்களிலும் அவர்கள் சொன்னது எசமானின் கையாலேயே பதிவாகியிருக்கிறது.

ஹேமண்ட் 1864 நவம்பர் 13 அன்று ரெட்கிளிஃபில் இறந்தார். இரண்டு நாள் கழித்து வடக்கின் ஜெனரல் ஷெர்மனின் படை அட்லாண்டாவிலிருந்து கடலை நோக்கிப் புறப்பட்டது. அடிமைமுறையை ஒழிக்கும் பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தத்தைத் தென் கரோலினாச் சட்டமன்றம் அடுத்த ஆண்டு ஏற்றுக்கொண்டது. தேதி, 1865 நவம்பர் 13.